யார் செலவில் விளையாடுகிறோம்?

திருத்தூதரான புனித யோவான் ஒருமுறை தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். அதைக் கண்ட சிலர் முகம் சுளித்தனர். ஆண்டவரின் மார்பில் சாய்ந்திருந்தவர் இப்படி விளையாடிப் பொழுதுபோக்கலாமா என்பது அவர்களுடைய மனத்தாங்கல். அவர்களுள் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பொன்றை எய்யுமாறு யோவான் கேட்டார், அவர் எய்தார். பலமுறை எய்யச் செய்தபின், ஓயாமல் இப்படியே எய்துகொண்டிருக்க இயலுமா என்று வினவினார். இயலாது, வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அவ்வாறே. இடையிடையே தளர்த்தாவிடில் முறிந்துபோகும் என்று யோவான் விளக்கினாராம்.

பழந்துறவியர் வழியாக வந்த இந்த நிகழ்ச்சியை மறைவல்லுநர் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்க'த்தில் எடுத்தாள்கிறார். உடலுக்கு உறக்கம் எப்படியோ, உள்ளத்திற்கு விளையாட்டு அப்படி என்பது அவர் கருத்து. அளவோடு விளையாடத் தெரிவதை அவர் ஒரு நற்பண்பாகவே கொள்கிறார். ஆனால் சில வரம்புகளையும் வைக்கிறார். விளையாட்டின் இன்பத்தை இழிவானவற்றிலோ பிறருக்குத் தீங்கானவற்றிலோ தேடலாகாது. உள்ளத்தின் நிதானத்தை முற்றிலும் இழந்துவிடலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தியிருக்கவேண்டும்.

இவற்றுள் 'பிறருக்குத் தீங்கு' என்னும் வரம்பைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம். கைபேசியில் ஒரு காசும் கொடுக்காமல் ஆடக்கூடிய விளையாட்டுகள் இன்று எண்ணிலடங்கா. நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். நம்முள் பலரும் ஆடுகிறோம். யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் எதையும் பறிக்கவில்லை, இதில் தீங்கு எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றும். அதை ஆராய, அட்டையாகப் பிறந்து திரைக்குள் குடிபுகுந்த ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அட்டை கையில் இருந்த காலம்

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்னும் அட்டை விளையாட்டு 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விற்பனைக்கு வந்தது. 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. நாம் அறிந்த சீட்டாட்டத்தில் 52 சீட்டுகள். எல்லார்க்கும் பொதுவான ஒரே கட்டு. இந்த விளையாட்டிலோ, ஒவ்வொருவரும் தாம் சேர்த்துவைத்த அட்டைகளிலிருந்து தமக்குரிய கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வந்து எதிராளியோடு மோதவேண்டும். முதற்பதிப்பிலேயே ஏறத்தாழ 300 வகை அட்டைகள் இருந்தன. அந்நாளில் கடையில் கிடைத்த மூடிய பாக்கெட்டில் 15 அட்டைகள் இருந்தன. எவை என்பது பிரிக்கும்வரை தெரியாது. பெரும்பாலானவை எளிதில் கிடைப்பவை. வழக்கமாக ஒன்று மட்டுமே அரியதாக இருந்தது.

பிறப்பிலேயே இவ்விளையாட்டில் சூதின் சாயல் ஒன்று இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. தொடக்க விதிகளின்படி இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஓர் அட்டையைப் பணயமாக வைக்கவேண்டும். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். இது பலருக்குப் பிடிக்கவில்லை. நாளடைவில் அந்த விதி கைவிடப்பட்டது. ஆனால் பாக்கெட்டைப் பிரிக்கும்போது எழும் நெஞ்சத் துடிப்பு கைவிடப்படவில்லை. அரிய அட்டைகள் வெளிச்சந்தையில் பெருவிலைக்குப் போயின. கைச்செலவுக்குக் கிடைத்த காசு முழுவதையும் பாக்கெட்டுகளில் கரைத்த சிறுவர்கள் அந்நாளிலும் இருந்தார்கள்.

எனினும் அட்டை ஒரு பொருளாக இருந்தது. நம்முள் பலர் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் செபங்களைப் பிழையின்றி ஒப்புவித்துப் புனிதர் படங்களைப் பரிசாகப் பெற்றிருப்போம். நம்மிடம் இரண்டு அந்தோனியார் படங்கள் இருந்தால், ஒன்றைக் கொடுத்துத் தோழியிடமிருந்து குழந்தை தெரசாளை வாங்கிக்கொண்டிருப்போம். காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு நம்மிடம் இருந்தவற்றுள் சிறந்த படத்தைக் கொடுத்திருப்போம். விளையாட்டு அட்டைக்கும் இந்தப் பண்பு உண்டு. அதை மாற்றிக்கொள்ளலாம், இரவல் தரலாம், விற்கலாம், ஆட்டத்திற்குப் புதிதாக வந்த சிறுவனிடம் சும்மா கொடுத்துவிடவும் செய்யலாம். மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எதிரே ஒரு முகம் வேண்டும். ஆசை எல்லை மீறினாலும் அதைத் தடுக்கச் சில இயற்கையான வேலிகள் இருந்தன: கடையை இரவில் பூட்டினார்கள்; பணப்பையில் பணம் தீர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது; குவிந்து கிடக்கும் காலி உறைகளை வீட்டிலுள்ளோரும் கண்டார்கள்.

திரைக்குள் சென்றபின்

2002ஆம் ஆண்டு இவ்விளையாட்டு 'மேஜிக் ஆன்லைன்' என்ற பெயரில் கணினிக்கு வந்தது. அப்போது வந்தது பெரும்பாலும் காகித அட்டையின் நிழலே. பாக்கெட்டுக்குக் கடை விலையே விலை; ஆடுவோர் தமக்குள் அட்டைகளை மாற்றிக்கொள்ளலாம்; ஒரு தொகுப்பின் அட்டைகள் அனைத்தையும் சேர்த்தவர், அவற்றை ஒப்படைத்து அச்சிட்ட அட்டைகளாகவே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

பின்னர்க் காற்று மாறியது. 2014இல் வெளிவந்த 'ஹார்த்ஸ்டோன்' போன்ற கணினி அட்டை விளையாட்டுகள் நுழைவுக் கட்டணமே இல்லாமல் கோடிக்கணக்கானோரை ஈர்த்தன. 'மேஜிக்' விளையாட்டும் அவ்வழியே சென்றது. 'அரீனா' என்னும் அதன் இலவச வடிவம் 2018 செப்டம்பரில் பொதுச் சோதனைக்குத் திறக்கப்பட்டு, 2019 செப்டம்பரில் முறைப்படி வெளியானது. இதில் நாள்தோறும் ஆடிப் பொற்காசு ஈட்டலாம்; அதைக்கொண்டு பாக்கெட் வாங்கலாம். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் உண்மையான பணம் கொடுத்து 'இரத்தினங்கள்' வாங்கி, அவற்றைக்கொண்டு பாக்கெட் வாங்கலாம்.

இதில் நன்மைகள் இல்லாமலில்லை. அட்டை வாங்க வசதியில்லாத மாணவனும் ஆட முடிகிறது. அருகில் துணையில்லாதவர்க்கும் நள்ளிரவிலும் எதிராளி கிடைக்கிறார். ஆயிரக்கணக்கான அட்டைகளின் சிக்கலான விதிகளைக் கணினியே பார்த்துக்கொள்வதால் வழக்குக்கு இடமில்லை. விரும்பிய அட்டையாக மாற்றிக்கொள்ளத்தக்க சிறப்புச் சீட்டுகளும் அவ்வப்போது கிடைக்கின்றன. முற்றிலும் குருட்டு வாய்ப்பின் கையில் ஆடுவோரை விட்டுவிடவில்லை. இவற்றைச் செய்தவர்களைத் தீயோர் என்று பழிப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒன்று மறைந்துவிட்டது. 'அரீனா'வில் ஓர் அட்டையை நண்பருக்குக் கொடுக்க முடியாது. மாற்றிக்கொள்ளவும் முடியாது, விற்கவும் முடியாது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே வழங்குமாறு ஆண்டவர் தம் சீடர்க்குக் கட்டளையிட்டதை நாம் அறிவோம். இந்த இலவசமோ பெறுவதற்கு மட்டும் உரியது. கொடுக்கும் வழி அடைபட்டது. அது ஏன்? அட்டைகளை ஒருவர்க்கொருவர் கொடுக்க விட்டால், இலவசமாக ஈட்டிய பொற்காசும் அட்டையும் கைமாறிப்போகும்; பாக்கெட்டை விலைக்கு வாங்க ஆள் இராது. இலவசத்தைக் காப்பாற்றுவதற்காகவே பகிர்வு விலக்கப்பட்டது என்பது வணிக அறிவுக்கு எளிதில் விளங்கும். ஆனால் நம்முடைய இலவசம் வேறொருவருடைய செலவின்மேல் நிற்கிறது என்பதற்கும் இதுவே முதற்சான்று.

சுமப்பவர் யார்?

ஓவியருக்கும் கணினிப் பொறியாளருக்கும் கூலி கொடுக்கப்பட வேண்டும். வேலையாள் தன் கூலிக்கு உரிமை உடையவன் என்பது நற்செய்தியின் போதனை. அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது?

இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோருள் மிகப் பெரும்பான்மையோர் ஒரு காசும் தருவதில்லை என்பதும், வருவாயின் பெரும்பகுதி மிகச் சிலரிடமிருந்தே வருகிறது என்பதும் அத்தொழிலில் யாவரும் அறிந்த செய்திகள். அந்தச் சிலருக்கு அத்தொழிலார் ஒரு பெயரும் சூட்டியிருக்கின்றனர்: திமிங்கிலங்கள். சூதாட்ட விடுதிகளிலிருந்து கடன்வாங்கிய சொல் அது. மனிதரை வேட்டைப் பொருளின் பெயரால் அழைக்கும் இடத்தில், வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர்களுள் செல்வர்கள் இருக்கலாம். பெருஞ்செலவு அவர்களுக்குப் பொழுதுபோக்கே. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் நிறுத்த முடியாதவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக்கொண்டு செய்த ஆய்வுகள் பெயர்பெற்றவை. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றவுடன் விரைவில் ஓய்ந்துவிட்டது. எந்தக் கொத்தலுக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாவோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. அட்டைப் பாக்கெட்டின் இயல்பும் அதுவே. கைபேசியில் அந்தப் பாக்கெட் ஒளி சிந்தித் திறக்கிறது. அடுத்ததற்கும் விரலசைவே போதும். பூட்டப்படும் கடை இல்லை. குவியும் காலி உறை இல்லை. பணம் 'இரத்தினம்' என்னும் வேடம் பூண்டு போவதால், போனது எவ்வளவு என்பதும் உடனே உறைப்பதில்லை. முன்பிருந்த வேலிகள் அத்தனையும் வீழ்ந்துவிட்டன.

இதைக் கண்டு மனம் கலங்கியவர்களுள் ஒருவர், 'மேஜிக்' விளையாட்டைப் படைத்த கார்ஃபீல்டே. 2016இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். அடிமைப்படும் மனப்போக்கு உடையோரைச் சுரண்டி, அந்தப் பணத்தால் மற்றவர்க்கு விளையாட்டை இலவசமாகவோ மலிவாகவோ தரும் முறையை அவர் அதில் வன்மையாகக் கண்டித்தார். அத்தகைய விளையாட்டுகளை ஆடுவதும் இல்லை, பிறர்க்குப் பரிந்துரைப்பதும் இல்லை, தம் படைப்புகளை அவ்வாறு மாற்ற முயலும் வெளியீட்டாளரோடு பணியாற்றுவதும் இல்லை என்று உறுதி கூறினார். அவற்றுக்கு அவர் இட்ட பெயரிலேயே அந்த உளவியலாளரின் பெயர் இருக்கிறது: 'ஸ்கின்னர்வேர்'.

அவர் குற்றம்சாட்டியது விற்பவரை மட்டுமன்று என்பதைக் கவனிக்கவேண்டும். ஆடுபவர் என்ற முறையில் தாம் என்ன செய்யவேண்டும் என்பதையும் அவர் கேட்டுக்கொண்டார். நம் கேள்வியும் அதுவே.

மூன்று மறுப்புகள்

"செலவழிப்பவர் தம் விருப்பப்படி செலவழிக்கிறார், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே" என்பது முதல் மறுப்பு. மனித உரிமையை மதிக்கும் நாம் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விருப்பம் என்பது வேண்டாம் என்று சொல்லும் ஆற்றலையும் உள்ளடக்கியது. அந்த ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கரைப்பதற்கென்றே ஒன்றை அமைத்துவிட்டு, பிறகு அவருடைய விருப்பத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது.

"வாய்ப்பை நம்பி ஆடுவதே பாவமா?" என்பது இரண்டாவது. இல்லை. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்துகொண்டபோது திருத்தூதர்கள் சீட்டே போட்டார்கள். வாய்ப்பை நம்பிய ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்றே 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' கூறுகிறது. ஒருவர் தம் தேவைக்கும் தம்மைச் சார்ந்தோர் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போதே அவை ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவை ஆகின்றன என்றும், சூதின் மோகம் அடிமைத்தனமாகும் இடர் உண்டு என்றும் அது எச்சரிக்கிறது. ஆகவே பாக்கெட்டில் எந்த அட்டை வரும் என்று தெரியாமை குற்றமன்று. அந்தத் தெரியாமைக்கு முடிவே இல்லாமல் வைத்து, ஒரு குடும்பத்தின் பள்ளிக்கட்டணமும் மளிகைக் கணக்கும் அதற்குள் போகும்போதும் வாயிலைத் திறந்தே வைத்திருப்பதுதான் குற்றம்.

மூன்றாவது மறுப்பே நம்மை நேரடியாகத் தொடுவது. "நான் ஒரு காசும் தருவதில்லை. எனக்கு எந்த அடிமைத்தனமும் இல்லை. அரைமணி ஆடிவிட்டு வைத்துவிடுகிறேன். மற்றவருடைய பலவீனத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

கொரிந்து நகரத் திருச்சபையில் இதைப் போன்றதொரு வினா எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது சிக்கல். சிலை வெறும் கல் என்று அறிந்த திடமான மனத்தினர், உண்பதில் தவறில்லை என்றனர். புனித பவுல் அவர்களுடைய அறிவை மறுக்கவில்லை; அவர்கள் சொன்னது உண்மை என்றே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த உரிமை வலுவற்ற சகோதரருக்குத் தடைக்கல்லாக அமையக்கூடாது என்றார். தம் உணவு சகோதரரை வீழ்த்துமானால், இறைச்சியே உண்பதில்லை என்று தம்மைப் பொறுத்தமட்டில் முடிவுசெய்தார். வலியவரின் உரிமைக்கு மெலியவரின் நலமே அவர் இட்ட எல்லை.

நம் நிலை கொரிந்தியரின் நிலையைவிடக் கடினமானது. அவர்களுடைய உணவுக்கு அந்த மெலிந்த சகோதரர் விலை கொடுக்கவில்லை. நம் ஆட்டத்துக்கோ அவரே விலை கொடுக்கிறார். மேலும், நாம் அங்கே சும்மா இருக்கவில்லை. பணம் கொடுத்துப் பலமான கட்டை அமைத்துக்கொண்டவருக்கு ஆட எதிராளிகள் வேண்டுமே! நள்ளிரவிலும் அவர் தனித்திருக்காதபடி காத்திருக்கும் கூட்டமாக நாம் இருக்கிறோம். கடையில் கூட்டம் இருப்பதால்தான் கடைக்கு மதிப்பு. இலவசமாக ஆடும் நாமே அந்தக் கூட்டம்.

ஒரு தோல்வி கற்பிக்கும் பாடம்

இதற்கு மாற்று உண்டா? கார்ஃபீல்டே முயன்று பார்த்தார். 'வால்வ்' நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'ஆர்ட்டிஃபாக்ட்' என்னும் கணினி அட்டை விளையாட்டு 2018 நவம்பரில் வெளிவந்தது. நுழையும்போதே 20 டாலர் கொடுக்கவேண்டும். மேலும் பாக்கெட்டுகளை வாங்கலாம். அட்டைகளை ஆடுவோர் தமக்குள் விற்கவும் வாங்கவும் சந்தை உண்டு. ஏறத்தாழ காகித அட்டையின் முறையே அது. மக்கள் அதை ஏற்கவில்லை. சில மாதங்களிலேயே ஆடுவோர் அருகிப்போயினர். 2021 மார்ச்சில் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டு, அட்டைகள் அனைத்தும் எல்லார்க்கும் இலவசமாக விடப்பட்டன.

அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆட்டம் மிகச் சிக்கலானது என்றார்கள் சிலர்; வாயிலிலும் பணம், உள்ளேயும் பணமா என்று சினந்தார்கள் வேறு சிலர். அந்தச் சினத்தில் நியாயமும் உண்டு. அதன் அமைப்பு குறையற்றது என்று நாம் வாதிடவில்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. இலவசத்துக்குப் பழகிய மனத்துக்கு, வாயிலில் கேட்கப்படும் வெளிப்படையான விலை அநீதியாகத் தோன்றுகிறது. உள்ளே யாரோ ஒருவரிடமிருந்து மறைவாகப் பெறப்படும் பெருவிலையோ கண்ணில் படுவதே இல்லை. நாம் ஒவ்வொருவரும் சிறுவிலை கொடுக்க மறுக்கும்போதுதான் சிலரிடம் பெருவிலை வாங்கவேண்டிய நிலை பிறக்கிறது. விற்பவரின் பேராசையோடு நம் சிக்கனமும் அங்கே கைகோத்து நிற்கிறது.

நேர்மையான வழிகள் இல்லாமற் போகவில்லை. கார்ஃபீல்ட் 1996இல் படைத்த 'நெட்ரன்னர்' என்னும் வேறோர் அட்டை விளையாட்டை, 2012இல் மற்றொரு நிறுவனம் புதுமுறையில் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பெட்டியிலும் இன்னின்ன அட்டைகள் இருக்கும் என்பது முன்னரே தெரியும். விலையும் தெரியும், பொருளும் தெரியும். அட்டை விளையாட்டின் சுவைக்குக் குருட்டு வாய்ப்பு இன்றியமையாததன்று என்பதற்கு இது சான்று.

அரசுகளும் சில எல்லைகளை வகுத்திருக்கின்றன. குருட்டு வாய்ப்பில் கிடைக்கும் பொருள்களுள் ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தால்தான் பரிசு என்னும் கைபேசி விளையாட்டு முறை சட்டத்துக்கு முரணானது என்று 2012இல் ஜப்பான் அரசு தெளிவுபடுத்தியது. எது கிடைக்க எத்தனை வாய்ப்பு என்பதை வெளியிடவேண்டும் என்று சீனா 2017 முதல் கட்டளையிட்டது. காசுக்கு விற்கும் இத்தகைய மூடுபெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. ஆனால் சட்டம் காவல் நிற்கும் இடம் வேறு. மனச்சான்று விழித்திருக்கவேண்டிய இடம் வேறு. சட்டம் வருமுன்னும், சட்டம் எட்டாத இடத்திலும் நமக்குக் கடமை உண்டு.

நாம் செய்யத்தக்கது

பிள்ளையின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்குவது எளிது. ஆனால் அது வில்லை நாணேற்றியே வைத்திருப்பது போலாகும். அதனினும் நல்லது, அருகில் அமர்ந்து, "இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கேள்வி இது. விடையைத் தேடும்போதே, இவ்வுலகில் தனக்கு வந்துசேரும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை அப்பிள்ளை கற்றுக்கொள்கிறது. நமக்குப் பிடித்த விளையாட்டு நேர்மையான விலையொன்றைக் கேட்டால், நம் வசதிக்கு உட்பட்டதாயின் அதைக் கொடுத்து வாங்குவோம். அதை வீண்செலவு என எண்ணவேண்டாம். நம் நண்பர் வட்டத்தில் யாரேனும் பாக்கெட் பாக்கெட்டாகத் திறந்துகொண்டிருந்தால், அவருக்குக் கிடைத்த அரிய அட்டையைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், அவர் நலமாக இருக்கிறாரா என்றும் விசாரிப்போம். முன்பு கடை மூடப்பட்ட நேரம் அவருக்கு வேலியாக இருந்தது. இன்று அவருக்கு வேலியாக இருக்கக்கூடியவர்கள் நாமே.

சாமுவேலின் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தாவீது அரணான ஓரிடத்தில் இருந்தார். அவருடைய ஊராகிய பெத்லகேமைப் பெலிஸ்தியர் பிடித்திருந்தனர். தாகத்தால் வருந்திய அவர், பெத்லகேம் வாயிலருகே உள்ள கிணற்று நீரைப் பருகக் கிடைக்காதா என்று ஏங்கினார். அதைக் கேட்ட மாவீரர் மூவர் பகைவரின் பாசறையை ஊடுருவிச் சென்று, அந்த நீரை மொண்டு வந்தனர். அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் தாமே விரும்பிச் சென்றவர்கள். அவருக்கோ அதில் ஒரு காசும் செலவில்லை. ஆயினும் தாவீது அந்த நீரைப் பருகவில்லை. உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்களின் குருதியாகவே அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதை ஆண்டவருக்கெனத் தரையில் ஊற்றிவிட்டார்.

நம் கையிலிருக்கும் சிறிய திரையில் ஓர் அட்டை இலவசமாக ஒளிர்கிறது. ஏற்றுக்கொள்ளுமுன், இது யார் மொண்டு வந்த நீர் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். எண்ணிப் பார்த்தபின் பருகலாம் என்று சிலவேளை தோன்றும். வேண்டாம் என்று சிலவேளை தோன்றும். எண்ணாமலே பருகுவது மட்டும் நமக்குத் தகாது.